அன்றைக்கு நான் ப்ரூஜில் இல்லை

1

இந்த வருடம் அப்பா திதிக்கு அம்மா வீடியோ காலில் வந்தபோது சுவரில் என் போட்டோவைக் காணோம். அப்பா படம் இருந்தது, சம்பங்கி மாலையும் குங்குமமுமாக. அதற்குப் பக்கத்தில் ஆறு வருடமாக என் படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. படம் இருந்த இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்துக் கிடக்கிறது.

நான் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. பெரியப்பா மகன் செல்வம் என் இடத்தில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டான். ஐயர், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி, அவனை அதட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இங்கே ஜெர்மனியில், வால்டோர்ஃபில், காலை ஆறு மணி. குளித்துவிட்டு, ஆபீஸ் சட்டையோடு, சமையலறை மேஜையில் போனைச் சாய்த்துவைத்துக் கும்பிட்டேன். பிறகு பஸ் பிடித்து வேலைக்குப் போனேன். வெளிநாட்டு மகன்கள் திதி கொடுக்கிற லட்சணம் இவ்வளவுதான்.

திதி பஞ்சாங்கப்படி முன்னே பின்னே நகரும். என் போனுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. அது வருடா வருடம் ஒரே தேதியில், ‘இதே நாளில்’ என்று நான் வீட்டுக்கு அனுப்பிய ஒரு படத்தைக் காட்டும். பெல்ஜியத்தில் ப்ரூஜ் என்கிற ஊர். கால்வாய் மேல் ஒரு கல் பாலம். பழுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நான் பல்லைக் காட்டி நிற்கிறேன். சுவரிலிருந்து அம்மா கழற்றியது அந்தப் படத்தைத்தான்.

அதை ஏன் கழற்றினாள் என்று எனக்குத் தெரியும். சொன்னால் என்னைப் பற்றி நல்லவிதமாக நினைக்க மாட்டீர்கள். பரவாயில்லை.

2

டார்ம்ஸ்டாட்டில் முதுகலை படிக்க வந்த முதல் வருடம் நாங்கள் நிஜமாகவே ஊர் சுற்றினோம். நாங்கள் என்றால் நானும், என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த ஜெரினும். அவன் மார்த்தாண்டம், நான் கரூர். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு முடிந்ததும் ஒரு குக்கர் நிறையப் புளிசாதம் கிளறி, டப்பாவில் அடைத்துக்கொண்டு, மலிவான பஸ்ஸில் ஏறிவிடுவோம். பிராக், ஸ்ட்ராஸ்பூர்க், ஆம்ஸ்டர்டாம். எந்த அருங்காட்சியகத்துக்குள்ளும் போனதில்லை. வாசல் படியில் உட்கார்ந்து புளிசாதம் தின்போம். நான் பார்த்த ஐரோப்பா முழுக்க வெளியே நின்று பார்த்த ஐரோப்பாதான். ஆனாலும் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்க வேண்டியதில்லை.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். கரூர் – திண்டுக்கல் தடத்தில் இருபத்தெட்டு வருடம். ஞாயிற்றுக்கிழமை நான் படம் அனுப்பியதும் மற்றவர்கள் ‘சூப்பர்’ என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்பா உடனே கூப்பிடுவார். கோபுரம், அரண்மனை எதுவும் அவருக்கு வேண்டாம்.

“எதுல போன சாமி? பஸ்ஸா, ரயிலா?”

“பஸ்ஸுப்பா.”

“டிக்கெட் யாரு குடுக்கறது?”

“போன்லயே எடுத்துக்கலாம். கண்டக்டர் கிடையாது.”

“கண்டக்டரே இல்லைன்னா, எடுக்காம ஏறிக்கிட்டா?”

“திடீர்னு செக்கிங் வரும்ப்பா.”

“ஓஹோ, செக்கிங் அங்கயும் உண்டா?” அவருக்கு அதில் பெரிய நிம்மதி. உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் நடக்கிறது என்று தெரிந்துவிட்ட நிம்மதி.

அவருடைய சர்வீஸில் கூட்டத்துக்குள் ஒளிகிறவனைப் பிடிப்பதில் பெயர் எடுத்தவர். எப்படிப்பா கண்டுபிடிக்கிறீங்க என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் தெரியாதுடா. கையப் பாக்கணும். டிக்கெட் எடுக்காதவனுக்குக் கைய எங்க வெக்கறதுன்னு தெரியாது,” என்பார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் வேண்டியிருக்கிறது.

நான் கிளம்பியபோது மாரியம்மன் கோயிலில் வாங்கிய சிவப்புக் கயிறு ஒன்றை என் வலது மணிக்கட்டில் கட்டிவிட்டார். மூன்று முடிச்சு. முடிச்சுக்கு வெளியே ஒரு விரல் நீளத்துக்கு வால் விட்டிருந்தார். வெட்டிவிடட்டுமா என்றேன். “கெடக்கட்டும், கெட்டி,” என்றார்.

3

இரண்டாம் வருடம் ஒரு பாடத்தில் இரண்டு முறை தோற்றேன். பாடத்தின் பெயர் வேண்டாம். ஜெர்மனியில் ஒரு பரீட்சைக்கு மூன்று வாய்ப்பு. மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பை இந்த நாட்டில் வேறு எங்கேயும் தொடர முடியாது. படிப்பு போனால் மாணவர் விசா போகும். விசா போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மூன்றாவது பரீட்சை பிப்ரவரிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகியிருக்கும்? அப்பா திட்டவே மாட்டார். அதுதான் பயம்.

சனி ஞாயிறு வெளியே போகாமல் உட்கார்ந்து படிக்க வேண்டும், பல்கலைக்கழகக் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலைக்கும் போக வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அப்பா கேட்பார், “இந்த வாரம் எந்த ஊரு?” ஒரு வாரம் எங்கேயும் போகவில்லை என்றேன். “ஏஞ்சாமி, ஒடம்பு சரியில்லையா? ஏதாச்சும் பிரச்சினையா?” என்று மூன்று நாள் விடாமல் கூப்பிட்டார். அவரைப் பொறுத்தவரை நான் ஊர் சுற்றினால் நன்றாக இருக்கிறேன், சுற்றாவிட்டால் ஏதோ கோளாறு.

ஜெரின்தான் வழி சொன்னான். டார்ம்ஸ்டாட்டில் இது புதுசும் இல்லை. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெண் வீட்டாருக்கு அனுப்பப் படம் வேண்டும் என்று ஒரு சீனியர் செய்து காட்டிய வழி. ஒரே பயணத்தில் ஐந்தாறு சட்டைகளைக் கொண்டுபோய், ஊருக்கு ஒன்றாக மாற்றிப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியது. பிறகு மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட வேண்டியது. இதற்கு எங்கள் வீட்டில் ‘ஸ்டாக்’ என்று பெயர்.

அக்டோபரில் ஒரு மூன்று நாள் விடுமுறை வந்தது. கொலோன், பிரஸ்ஸல்ஸ், ப்ரூஜ், லக்ஸம்பர்க். என் பையில் ஆறு சட்டை, இரண்டு ஸ்வெட்டர், ஜெரினுடைய பழுப்புக் கோட்டு, ஒரு கம்பளித் தொப்பி. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அனுப்பப் போகிற படங்களுக்குக் குளிர்கால உடை வேண்டுமே. மரம் தெரிந்தால் இலை காட்டிக்கொடுத்துவிடும் என்று சுவர், பாலம், கோபுரம் என்று பார்த்துப் பார்த்து நின்றேன். ப்ரூஜில் அன்று நல்ல வெயில். கோட்டுக்குள் வேர்த்து ஊற்றுகிறது. “குளிருத மாதிரி நில்லுடே, ஆனா சிரி,” என்கிறான் ஜெரின். பாலத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள், நான் சட்டைக்கு மேல் சட்டை மாற்றுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், எங்களுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது.

சட்டையை மாற்றினோம், தொப்பியை மாற்றினோம், கண்ணாடியைக்கூட ஒரு படத்துக்குக் கழற்றினேன். கையில் கயிறு இருந்ததை நான் நினைக்கவே இல்லை. இரண்டு வருடமாகக் கையில் கிடப்பதை யார் நினைப்பார்கள்?

4

நவம்பர் நடுவில் கேன்டீனில் பாத்திரம் கழுவிவிட்டு ரப்பர் கையுறையைக் கழற்றும்போது கயிறும் அறுந்து அதனோடு வந்துவிட்டது. குப்பையில் போட மனசு வராமல் மேஜை டிராயரில் போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் டீ குடித்துக்கொண்டே பேசினேன். அப்பா நடுவில் பேச்சை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி ஞாபகம். நெட் நின்றுவிட்டது என்று நினைத்து “ஹலோ, ஹலோ” என்றேன். “இருக்கேன் சாமி,” என்றார்.

பிறகு அவர் வீடியோவில் வருவது குறைந்தது. சளி, கண் கூசுது, நெட் சரியில்லை என்று ஏதோ ஒரு காரணம். எனக்கு அது வசதியாக இருந்தது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு படம், அளந்து அளந்து போட்டேன். டிசம்பரில் கொலோன். ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ், அடுத்து லக்ஸம்பர்க். ஒவ்வொன்றுக்கும் கேள்விகள் மட்டும் தவறாமல் வந்தன. எத்தனை மணி நேரம், எங்கே நிறுத்தினான், ஸ்டாண்டு ஊருக்குள்ளேயா வெளியேயா. நான் பதிலைப் புத்தகத்துக்கு நடுவே உட்கார்ந்து தயாரித்தேன். அந்தப் பதில்களை அவர் அப்படி ரசித்துக் கேட்பார். ஒருமுறைகூட, “போன வாரம் இப்படிச் சொன்னியே,” என்று மடக்கியதில்லை.

5

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிறு காலை ஏழரைக்கு, ஸ்டாக்கில் கடைசியாக மிஞ்சியிருந்த ப்ரூஜ் படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டேன். போனை ஜெரின் அறையில் வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு எடுத்துப் பார்த்தால் அப்பாவிடமிருந்து ஒரு செய்தி. ‘நல்லாருக்கு. பஸ்ஸா ரயிலா?’

‘பஸ்லப்பா. செம கூட்டம்,’ என்று அடித்து அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் மேலே பார்த்தேன். அக்கா ஏழு தடவை கூப்பிட்டிருந்தாள்.

பத்மா அக்கா எனக்கு ஐந்து வயது மூத்தவள். அழுகையில் அவள் பேச்சே புரியவில்லை. மூன்று மாதமாக அப்பாவுக்கு வயிற்றில் கட்டி. கோயம்புத்தூரில் வைத்தியம். எனக்குச் சொல்லக்கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். அன்று நம் ஊர் நேரம் ஒன்றரைக்கு, ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது.

“நீ எங்கடா இருக்க?” என்றாள்.

டார்ம்ஸ்டாட்டில், என் அறையில், லுங்கியோடு உட்கார்ந்திருந்தேன். ஃபிராங்பர்ட் விமான நிலையத்துக்கு அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். மத்தியானம் ஒரு விமானம் இருந்தது. ஏறியிருந்தால் விடிவதற்குள் சென்னை, திங்கள் மத்தியானம் கரூர்.

“ப்ரூஜ்ல,” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. நாலு மணி நேரத்துக்கு முன்புதான் படம் போட்டிருந்தேன், வாய் அதையே சொன்னது. பெரியப்பா போனை வாங்கினார். “அங்கிருந்து கெளம்பி வந்து சேர எத்தன நேரமாகும் தம்பி?”

“இங்கிருந்து திரும்பி ஜெர்மனி போகணும் பெரியப்பா. அப்பறம்தான் ஏர்போர்ட்டு.”

“அப்படின்னா நாளான்னிக்கு ஆயிரும். ரொம்ப மெலிஞ்ச ஒடம்பு, தாங்காது. எடுத்துரலாமா? செல்வம் கொள்ளி வெக்கட்டும்?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை போதும். சொன்னால் ஏன் பொய் என்ற கேள்வி வரும். அதற்குப் பின்னால் பரீட்சை வரும், இரண்டு தோல்வியும் வரும், சாவு வீட்டில் எல்லார் முன்னாலும். செவ்வாய்க்கிழமை போகாவிட்டால் மூன்றாவது வாய்ப்பும் போச்சு என்ற நினைப்பு வேறு. இதையெல்லாம் எத்தனை நொடியில் நினைத்தேனோ தெரியாது.

“எடுத்துருங்க பெரியப்பா,” என்றேன்.

6

செவ்வாய்க்கிழமை போய்ப் பரீட்சை எழுதினேன். தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் வந்தது. அந்தத் தேர்ச்சியில்தான் இன்றைக்கு வால்டோர்ஃபில் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன், நல்ல வீட்டில் இருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் அது நினைவுக்கு வரும்.

புதன்கிழமை கேன்டீன் வேலைக்குப் போனேன். அங்கே சமையலில் ராஜி அக்கா என்று ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருந்தார். இளவயதில் அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவர். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். சொன்னேன்.

“அப்பான்ர செத்தவீட்டுக்கு நீ போகேல்லையோ தம்பி?”

“எக்ஸாம் இருந்துச்சுக்கா. மூணாவது தடவை.”

“அதுக்கென்ன? தகப்பன் செத்ததெண்டு ஒரு அன்ட்ராக் எழுதிக் குடுத்தால் தள்ளி வைப்பினமே. என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்.”

அன்ட்ராக் என்றால் விண்ணப்பம். ஒரு பக்கம். பிறகு போய் விதிகளைப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான். நெருங்கின உறவில் சாவு என்றால் வேறு தேதி கொடுப்பார்கள். என் மண்டையில் அப்படி ஒன்று தோன்றவே இல்லை. நம் ஊரில் படித்த பிள்ளைக்குப் பரீட்சை என்றால் பரீட்சைதான்.

ராஜி அக்கா கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார், திட்டுகிற குரலில் இல்லை. “என்ர அப்பா செத்தபோது எனக்குப் போக ஏலாமல் போச்சு. கையில பாஸ்போர்ட் இல்லை, ஊரில சண்டை. வருசக்கணக்கா அழுதனான். உனக்குப் போக ஏலும். நீ போகேல்லை.”

பிறகு எனக்கு ஒரு தட்டில் சோறு போட்டுக் கொடுத்தார். நான் அதற்குப் பிறகு அந்த வேலைக்குப் போகவில்லை.

7

பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் நான் ஊருக்குப் போனேன். அது முடிந்ததும் அம்மா ஸ்டுடியோவில் கொடுத்து அந்த ப்ரூஜ் படத்தைப் பெரிதாகப் போட்டு, அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். ‘அவரு கடைசியாப் பாத்த போட்டோ’ என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னாள். மகன் எங்கேயோ தூரதேசத்தில் இருந்தான், அதனால்தான் வந்து சேர முடியவில்லை என்று அதே மூச்சில் எனக்காகப் பரிந்தும் பேசுவாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் சாப்பிட வேண்டும். என் சிரிப்பைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கும்.

போன வருடம் அம்மா என்னோடு ஒரு மாதம் இருக்க வருவதாக முடிவானது. விசா கிடைத்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “பாரிசு கீரிசு எல்லாம் வேண்டாங் கண்ணு. அந்தப் பாலத்துக்கு மட்டும் கூட்டிட்டுப் போ. நீ நின்ன எடத்துல நானும் ஒருக்கா நிக்கோணும்.”

அந்தப் பாலத்தில் அம்மாவை நிறுத்தி அதே பொய்யை இன்னொரு முறை சொல்ல என்னால் முடியாது. அக்காவைக் கூப்பிட்டேன். ஸ்டாக், பரீட்சை, அன்றைக்கு நான் இருந்த அறை, எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மாவிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அப்பாவை ஏமாற்றிக் கடைசி வரைக்கும் ஏமாற்றியே அனுப்பிவிட்டேன் என்று அழுதேன்.

அக்கா சொன்னாள். “அப்பாவுக்குத் தெரியும்டா.”

“என்ன தெரியும்?”

“நீ எங்கயும் போகலைன்னு. ஒரு நாள் நீ டீ குடிச்சுட்டே வீடியோல பேசுன. கையில கயிறு இல்ல, அறுந்துபோச்சு போலன்னு அன்னிக்கே சொன்னாரு. அதுக்கப்பறம் நீ போட்ட படத்துல எல்லாம் கயிறு இருக்குது. அதே மூணு முடிச்சு, அதே வாலு. அவரு கட்டுனதாச்சே.”

நான் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

“மொதப் படம் வந்தன்னிக்கே எனக்குச் சொல்லிட்டாரு. ‘இவன் ரூமுக்குள்ள கெடக்கறான். ஏதோ கஷ்டம். கேட்டா இன்னும் நாலு பொய் சொல்லோணும், பாவம். நான் படுத்துக் கெடக்கறது தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு வந்து நிப்பான்.’ அதனாலதான் உனக்குச் சொல்ல விடல.”

“அப்ப ஒவ்வொரு படத்துக்கும் பஸ்ஸா ரயிலான்னு கேட்டாரே?”

“உன் குரலக் கேக்கோணும்ல.”

கடைசி நாளில் குரூப்பில் படம் வந்தபோது அப்பாவின் போன் அக்கா கையில் இருந்திருக்கிறது. அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். “கையப் பெருசு பண்ணு,” என்றாராம். பெரிதாக்கிக் காட்டியிருக்கிறாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பழைய போட்டோ,” என்றாராம். “சரி, நல்லாருக்குன்னு போடு. எதுல போனான்னு கேளு.” அதை அடித்தது அக்கா. ஆறு வருடமாக அப்பா விரல் பட்ட எழுத்து என்று நான் அழிக்காமல் வைத்திருந்தது அக்கா அடித்தது.

நான் விமான நிலையத்துக்கு அரை மணித் தொலைவில் இருந்தேன் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கிறதா என்று கேட்டேன்.

“தெரியும். நீ ப்ரூஜ்லன்னு சொன்னப்பவே தெரியும். பெரியப்பா பக்கத்துல நின்னுட்டிருந்தாரு. நீயே சொல்லுவேன்னு நெனச்சேன்டா.” ஆறு வருடத்தில் முதல் முறையாக அவள் குரலில் கோபம் இருந்தது. “அம்மாகிட்டச் சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். என்னைக் கேக்காத.”

8

அம்மா ஆகஸ்டில் வந்தாள். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், செருப்புக்குள் சாக்ஸ். ஜெரின் இன்னும் டார்ம்ஸ்டாட்டில்தான் இருக்கிறான். அம்மாவுக்கு அவன் வீட்டில் சாப்பாடு ஏற்பாடாகியிருந்ததால் விமான நிலையத்திலிருந்து நேராக டார்ம்ஸ்டாட் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் பெண்டாட்டி, ஏறினதும் மணி பார்த்துக்கொண்டாள். இறங்கியதும் மறுபடி பார்த்தாள். “அரை மணிதானா? நம்மூர்ல இருந்து வேலாயுதம்பாளையம் போற நேரம்,” என்றாள். நான் பெட்டியை இறக்குவதில் மும்முரமாக இருந்த மாதிரி இருந்துகொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ப்ரூஜுக்கு ரயிலில் போனோம். பாலத்தைக் கண்டதும் அம்மாவே அடையாளம் கண்டுகொண்டாள், ஆறு வருடம் பார்த்த இடம் அல்லவா. நான் நின்ற இடத்தில் போய் நின்று கைப்பிடிச் சுவரைத் தடவிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். கும்பிடுகிறாள் என்று புரிந்தபோது எனக்குத் தாங்கவில்லை.

“அம்மா, அன்னிக்கு நான் இங்க இல்ல.”

அவள் கண்ணைத் திறந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், எதையும் விடவில்லை. கயிறு, அப்பா சொன்னது, அக்கா சொன்னது, ராஜி அக்கா சொன்னது. சுற்றுலாக்காரர்கள் எங்களை விலகிப் போகச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பாலத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“அன்னிக்கு நீ எங்க இருந்த?”

“டார்ம்ஸ்டாட்ல. ரூம்ல.”

“அன்னிக்கு ஏர்போர்ட்ல இருந்து பஸ்ல வந்தமே, அந்த ஊர்லயா?”

“ஆமா.”

“அரை மணி நேரம்.” விரலை மடக்கி எதையோ எண்ணினாள். அப்பாவோடு குடித்தனம் நடத்தியவளுக்குப் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் கணக்குப் போடத் தெரியும். “அப்ப வந்திருக்கலாம்.”

“வந்திருக்கலாம்மா.”

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “அவருக்கும் தெரிஞ்சிருக்குது, பத்மாவுக்கும் தெரிஞ்சிருக்குது. நான்தான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். பால்காரங்கிட்டகூடச் சொன்னேன். எம்மவன் தூரத்துல இருந்தான், இல்லைன்னா ஓடி வந்திருப்பான்னு,” என்றாள். பிறகு எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, “ரயிலு எத்தனை மணிக்கு?” என்றாள்.

பாலத்தில் அவளைப் படம் எடுக்கவே இல்லை. திரும்பி வருகிற ஆறு மணி நேரமும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

9

ஊருக்குத் திரும்புகிற அன்று, விமான நிலையத்தில், கைப்பையிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு எடுத்து என் வலது மணிக்கட்டில் கட்டினாள். வரும்போதே கோயிலில் வாங்கி வந்திருக்கிறாள். ஒரு மாதமாகக் கட்டாமல் வைத்திருந்தாள். மூன்று முடிச்சுப் போட்டாள், வால் விட்டாள்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோவில்தான் பேசுவாள். முன்பெல்லாம் முகத்தைப் பார்த்து இளைச்சுட்டியே என்பாள். இப்போது முதல் வார்த்தையே, “கையைக் காட்டு.” காட்டுவேன். பார்ப்பாள். பிறகுதான் மற்றப் பேச்சு. எங்கே இருக்கிறேன் என்று அவள் என்னைக் கேட்பதில்லை. செக்கிங் இங்கேயும் உண்டு என்று கேட்டு அப்பா நிம்மதிப்பட்டார். எங்கள் வீட்டிலேயே ஒரு செக்கிங் ஏறிவிட்டது, அதுவும் என்னால்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டுத் துண்டால் துடைக்கும்போது கயிறு அறுந்து கீழே விழுந்தது. தண்ணீர் பட்டுப் பட்டு நைந்துபோயிருந்தது, அவ்வளவுதான். எடுத்து ஈரத்தோடு கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா கூப்பிட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. இரண்டு முனையையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, போட்டும் பார்த்தேன். பிறகு அவிழ்த்தேன்.

போன் அடித்தது.

“கையைக் காட்டு.”

வெறும் கையைக் காட்டினேன். இன்னொரு கையில் அறுந்த கயிற்றையும் காட்டினேன். “அறுந்துடுச்சும்மா.”

“எப்ப?”

“இன்னிக்குக் காலைலதான். இப்பத்தான், பத்து நிமிசம் முன்னால.”

அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் அந்த ஆணி தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

“சரி,” என்றாள்.